செவிலியும் நற்றாயும்

(தில்லியில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில், மாதர் அரங்கில் ஆற்றிய சொற்பொழிவு)



'இற்றைச் சமுதாயத்தில் தாய்மை' என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். ஆண்டு விழாவில் தாய்மையைப் பற்றிப் பேசுதல் எளிய செயல். தாய் தெய்வம் என்றும், பொறுமையில் நிலம் என்றும், தன்னை உருக்கி ஒளி தரும் விளக்கு என்றும் சொல்லி அமர்ந்துவிட்டால் கைதட்டலுக்குக் குறைவிராது. இம்மேடையில் அவ்வாறு பேசியவர் பலர். அவருள் சிலர் மிக அழகாகவும் பேசியிருக்கின்றனர். நான் தாயைப் புகழ வரவில்லை. தாய் செய்யும் வேலையைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். ஒருவரைத் தெய்வம் என்று சொல்லிவிட்டால், பிறகு அவருடைய வேலை நேரம் எத்தனை, ஓய்வு நாள் எது என்று கேட்பது முறையன்று என்பது போல் ஆகிவிடுகின்றது. அதுதான் எனக்குள்ள வருத்தம்.

பழந்தமிழ் இலக்கியம் பயின்றோர் நிறைந்த அவை இது. ஆதலின் அங்கிருந்தே தொடங்குகின்றேன். அகப்பாடல்களில் தலைவிக்குத் தாயர் இருவர். பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். மடியில் வைத்து ஊட்டியவளும், விளையாட்டுக் காட்டியவளும், இரவில் அருகில் கிடந்து உறங்க வைத்தவளும் செவிலியே. தலைவியின் உயிர்த்தோழியாக விளங்குபவள் அச்செவிலியின் மகள். தொல்காப்பியர் செவிலி பேசுதற்குரிய இடங்களைத் தனியே வகுத்து உரைக்கின்றார். தலைவி தான் விரும்பியவனோடு ஊரை விட்டு நீங்கிய பொழுது, நற்றாய் மனையிலிருந்து புலம்புகின்றாள். செவிலியோ வெம்மை மிக்க பாலை வழியில், எதிரே வருவோரையெல்லாம் வினவிக்கொண்டு நடந்து தேடுகின்றாள். தேடிச் செல்லும் கால்கள் வளர்த்தவளின் கால்கள் என்பது நம் புலவர்கள் கண்ட உண்மை.

இதனைச் சொல்லிப் பெருமை மட்டும் கொள்ளுதல் தகாது. செவிலியை வைத்துக்கொண்டது செல்வர் மனை. அவளுக்குக் கிடைத்தது என்ன, தலைவியைத் தாலாட்டிய வேளையில் அவள் பெற்ற மகளை யார் தாலாட்டினார் என்று எந்தப் பாட்டும் சொல்லவில்லை. எனினும், வளர்த்தவளைத் 'தாய்' என்ற சொல்லாலேயே குறித்தனர். பாட்டில் பேசும் உரிமையையும் அவளுக்குக் கொடுத்தனர். இந்த இரண்டளவிலேனும் பண்டையோர் நம்மினும் மேம்பட்டவரே.

புறநானூற்றில் பொன்முடியார் பாடிய பாட்டு ஒன்றைத் தாய்மையின் பெருமைக்குச் சான்றாக மேடைதோறும் எடுத்துக் காட்டுகின்றோம். ஒரு மறக்குடித் தாய் பேசும் பாட்டு அது. அதனை முழுவதும் படித்தால், அவள் தன் பெருமையைப் பேசவே இல்லை என்பது விளங்கும். அவள் கடமைகளைப் பங்கிடுகின்றாள். பெற்று வளர்ப்பது தனக்கு. சான்றோன் ஆக்குவது தந்தைக்கு. வேல் வடித்துத் தருவது கொல்லனுக்கு. வேந்தனுக்கும் ஒரு பங்கு. இறுதியில் மகனுக்கும் ஒரு பங்கு. பிள்ளை ஒருவன் ஆளாவதற்குத் தாயும் தந்தையும் ஊராரும் அரசும் கடன்பட்டவர்கள் என்பது அவள் கணக்கு. நாம் முதல் பங்கை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டோம். ஏனைய பங்காளிகளை மறந்து போனோம்!

இனி நம் தலைநகருக்கு வருவோம். 1911-ஆம் ஆண்டில் தில்லி தலைநகராகும் என்று அறிவிக்கப்பட்ட பின்னர், அரசு அலுவலகங்களை நாடித் தமிழர் இங்கு வரலாயினர். கரோல்பாக்கிலும், பின்னர் லோதி காலனியிலும், இராமகிருஷ்ணபுரத்திலும், மயூர் விஹாரிலும் குடியேறினர். அக்காலத்துப் பெண்களுக்கு ஊரிலிருந்த துணை எதுவும் இங்கு இல்லை. மாமியார் இல்லை, நாத்தனார் இல்லை, கூப்பிட்ட குரலுக்கு வரும் அண்டை வீட்டுப் பெரியம்மா இல்லை. பேறு காலத்தில் கிராண்டு டிரங்கு எக்ஸ்பிரஸில் அம்மா வந்து சேர்ந்தால் உண்டு. பின்பு அப்பெண்களின் பெண்கள் கல்லூரி சென்றனர், வேலைக்குச் சென்றனர். அலுவலகத்திலே அவர்களுக்கு நாற்காலி கிடைத்தது. வீட்டு அடுப்படியில் அவர்கள் இடத்திற்கு ஆண் ஒருவர் வந்து நின்றாரா? மிகச் சில வீடுகளில் வந்தார். ஏனைய வீடுகளில் இன்னொரு பெண் வந்தாள்.

அந்த இன்னொரு பெண்ணும் பெரும்பாலும் நம் மொழி பேசியவள் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகின்றோம். கோப்புகளோடு வந்த தமிழரைப் போலவே, கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் என்று வந்த தமிழரும் இந்நகரில் உண்டு. ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலின் கரையிலே 'மதராசி கேம்ப்' என்றொரு குடியிருப்பு இருந்தது. அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தமிழ் ஒலித்த இடம். அங்கிருந்த பெண்களில் பலர், அண்டையிலுள்ள வீடுகளில் பாத்திரம் துலக்கியும், சமைத்தும், குழந்தைகளைப் பார்த்துக்கொண்டும் வாழ்ந்தனர். வடிகாலின் ஓட்டத்திற்கு அக்குடியிருப்பு தடையாக இருக்கின்றது என்பதன்மேல் உயர்நீதிமன்றத்தின் ஆணை பிறந்து, 2025 ஜூன் 1-ஆம் நாள் அது இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 வீடுகள். அவற்றுள் 189 குடும்பங்களே மாற்று வீட்டுக்கு உரியவை என ஏற்கப்பட்டன. மாற்று வீடு நரேலாவில். ஜங்புராவுக்கும் நரேலாவுக்கும் இடையே ஏறத்தாழ 40 கிலோமீட்டர்.

வடிகாலைப் பற்றிய வழக்கின் நியாயத்தை ஆராய்வது என் நோக்கமன்று. பிள்ளை வளர்ப்போடு அதனைப் பொருத்திப் பார்க்க விரும்புகின்றேன். வேலை செய்யும் வீடு கூப்பிடு தொலைவில் இருந்த வரையில், அப்பெண் நடுப்பகலில் ஓடிச் சென்று தன் குழந்தைக்கு ஒரு வாய் சோறு ஊட்டிவிட்டு மீள முடிந்தது. நாற்பது கிலோமீட்டர் தொலைவிலிருந்து வருபவள் விடியுமுன் புறப்பட வேண்டும். விளக்கு வைத்த பின்னரே வீடு திரும்புவாள். இடைப்பட்ட பொழுதில் அவள் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்? மூத்த பெண் பார்த்துக்கொள்வாள். மூத்த பெண்ணுக்கு என்ன வயது? பதினொன்றோ பன்னிரண்டோ இருக்கும். அவள் பள்ளிக்குப் போக வேண்டாமா? இக்கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர் யாரும் அவ்வீட்டில் இல்லை. நம் வீடுகள் சிலவற்றுக்கோ, 'வேலைக்காரி வரவில்லை' என்ற அளவிலேயே இச்செய்தி எட்டியிருக்கக்கூடும்.

நான் சொல்ல வந்த ஒரே கருத்து இதுதான். பேணும் வேலை இந்நாட்டில் பெண்ணிடமிருந்து பெண்ணுக்கே கை மாறுகின்றது. படித்த பெண்ணிடமிருந்து படிக்காத பெண்ணுக்கு. அவளிடமிருந்து அவள் மகளுக்கு. அது கீழ்நோக்கி இறங்கிக்கொண்டே போகின்றது. பக்கத்தில் நிற்கும் ஆணிடம் செல்வதில்லை. மேலே இருக்கும் அரசிடமும் செல்வதில்லை. ஒரு பெண் விடுதலை பெற்றாள் என்று நாம் மகிழும்போது, அவள் இறக்கி வைத்த சுமையை எந்தச் சிறுமி எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள் என்று பார்க்க வேண்டியதாகின்றது.

இதற்குக் கணக்கு உண்டு. மத்திய அரசின் புள்ளியியல் துறை 2019-இலும் 2024-இலும் மக்கள் தம் நாளை எவ்வாறு செலவிடுகின்றனர் என்று ஆராய்ந்தது. வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண் 2019-இல் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டாள். 2024-இல் 289 நிமிடம். பத்து நிமிடம் குறைந்தது. அந்தப் பத்து நிமிடத்தை ஆடவர் ஏற்றுக்கொண்டனரோ என்று பார்த்தால், அவர்கள் நேரமும் 97-இலிருந்து 88 நிமிடமாகக் குறைந்திருக்கின்றது! அதுவும், வீட்டு வேலையில் கை வைத்த ஆடவரை மட்டும் எடுத்துக்கொண்ட சராசரி. கை வைக்காதவர் அக்கணக்கில் இல்லை. குழந்தை, முதியோர், நோயாளி ஆகியோரைப் பேணுவதில் 2024-இல் பெண்ணுக்கு 137 நிமிடம், ஆணுக்கு 75 நிமிடம். இம்மண்டபத்திலேயே குழந்தை அழுதால் எழுந்து வெளியே செல்பவர் யார் என்று இன்று மாலை முழுதும் கவனித்துப் பாருங்கள். புள்ளியியல் துறையின் உதவி வேண்டியதில்லை.

இக்கேள்விகள் மேல்நாட்டிலிருந்து அண்மையில் இறக்குமதியானவை என்று கருதுவோர் உளர். அவர்கள் வரலாற்றை நோக்க வேண்டும். காங்கிரசு 1938-இல் நேருவைத் தலைவராகக் கொண்டு தேசியத் திட்டக் குழுவை அமைத்தது. அதன் கிளையாக, இராணி இலட்சுமிபாய் ராஜ்வாடே அவர்களின் தலைமையில், திட்டமிட்ட பொருளாதாரத்தில் பெண்களின் இடம் பற்றி ஆராய ஒரு துணைக்குழு அமைந்தது. வீட்டில் பெண் செய்யும் ஊதியமில்லா வேலைக்குப் பொருளாதார மதிப்பு உண்டு என்றும், குடும்ப வருவாயில் ஒரு பகுதி அவள் ஆட்சியில் இருக்க வேண்டும் என்றும் அத்துணைக்குழு கூறியது. அதன் அறிக்கை வெளியான ஆண்டு 1947. தமிழகத்தில் பெரியார், பிள்ளைப் பேறே பெண்ணைத் தளைப்படுத்துகின்றது என்றும், அத்தளையை அறுக்க வேண்டும் என்றும் அதற்கு முன்பே எழுதிவிட்டார். அவர் சொன்ன அளவுக்குச் செல்ல எல்லோர்க்கும் மனம் வராது. எனக்கும் முழுவதும் வரவில்லை. குழந்தையை வளர்ப்பதில் பெண்ணுக்குள்ள இன்பம் பொய்யன்று. ஆனால் அவர் கேட்டது, 'உனக்கு விருப்பமா, அன்றி வேறு வழி இல்லையா?' என்பதே. அக்கேள்வியைத் தட்டிக் கழிக்க இயலாது.

சட்டங்களைச் சற்றே பார்ப்போம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. பின்னர் 1976-இல் முப்பது என்றாக்கினர். நல்ல சட்டம்தான். ஆயினும் எண்ணியது பெண்களை மட்டும். குழந்தை என்றால் பெண்ணுக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் சட்டத்திலேயே புகுந்துவிட்டது. காப்பகச் செலவுக்கு அஞ்சும் முதலாளி, பெண்களின் எண்ணிக்கையை வரம்புக்குக் கீழே நிறுத்திக்கொள்ளவும் வழி பிறந்தது. 1961-இன் மகப்பேற்று நலச் சட்டத்தை 2017-இல் திருத்தியபோது, ஆணும் பெண்ணுமாக ஐம்பது பேர் இருந்தாலே காப்பகம் வேண்டும் என்றனர். பெரிய முன்னேற்றம். எனினும் அதே விதியின் அடுத்த வரியில், காப்பகத்திற்கு நாளில் நான்கு முறை சென்று வர அனுமதி பெண்ணுக்கு என்றே எழுதியிருக்கின்றது! தந்தை நான்காவது மாடியில் அமர்ந்திருக்கலாம். குழந்தை தரைத்தளத்தில் அழலாம். அவர் இறங்கிச் செல்ல விதி நினைக்கவில்லை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இதனை அவ்வாறே ஏற்றுக்கொண்டது.

2017-இன் திருத்தம் இரண்டு குழந்தைகள் வரையில் 26 வாரம் ஊதியத்துடன் விடுப்புத் தந்தது. அவ்வூதியம் முழுவதையும் தருபவர் முதலாளி. அதனால் இளம்பெண்களை வேலைக்கு எடுப்பதில் தயக்கம் வரும் என்பதை அறியப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. தந்தைக்கோ அச்சட்டத்தில் ஒரு நாளும் இல்லை. மத்திய அரசுப் பணியாளருக்குப் பிள்ளைப் பேற்றின்போது 15 நாள் உண்டு. பெண் பணியாளருக்கு 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு என்பதை இங்குள்ளோர் நன்கறிவீர்கள். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக் காலத்திலன்றோ அது மிகுதியாகப் பயன்படுகின்றது! அவ்விடுப்பு ஆணுக்கும் உண்டு, ஆனால் அவர் மணமாகாதவராகவோ மனைவியை இழந்தவராகவோ மணமுறிவு பெற்றவராகவோ இருக்க வேண்டும். மனைவி வீட்டில் இருக்கும்போது ஆண் குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தேவை என்ன என்று அரசே கேட்பது போல் இருக்கின்றது. நார்வே நாட்டில் 1993-இலேயே தந்தைக்கென்று நான்கு வாரத்தை ஒதுக்கி, அவர் எடுத்துக்கொள்ளாவிட்டால் அது கழிந்துபோகும், தாய்க்கு மாறாது என்று விதித்தனர். அதன் பின்னரே தந்தையர் வீட்டில் தங்கத் தொடங்கினர்.

நம் வீடுகளில் வேலை செய்யும் பெண்ணுக்கு இச்சட்டங்களுள் எதுவும் எட்டுவதில்லை. தமிழகத்தில் வீட்டுப் பணியாளர்க்கென 2007-இல் நலவாரியம் அமைந்தது. வீட்டுப் பணியாளர் பற்றிய உலகத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கைக்கு 2011-இல் இந்தியா ஆதரவாக வாக்களித்தது. 2025 சனவரியில் உச்சநீதிமன்றம், வீட்டுப் பணியாளர்க்கெனச் சட்டம் வேண்டுமா என்பதை ஆராய ஒரு குழு அமைக்குமாறு மத்திய அரசைப் பணித்தது. அவ்வளவே. அங்கன்வாடி ஊழியர்களின் நிலையும் பெரிதும் வேறன்று. 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய அத்திட்டத்தில் நாட்டின் குழந்தைகளைப் பேணும் பெண்களுக்குத் தருவதை 'மதிப்பூதியம்' என்றனர். மதிப்பு மிகுதி, ஊதியம் குறைவு என்பது அச்சொல்லின் பொருள் போலும். அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளிக்க 2022 வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று.

நீதிமன்றங்களைப் பற்றி மற்றொன்று. ஜாம்ஷெட்பூரில் 1989-இல் நேர்ந்த பெருந்தீயில் இல்லத்தரசியர் பலர் மாண்டனர். அவர்களுக்கு இழப்பீடு கணக்கிடும் வழக்கில் 2001-இல் உச்சநீதிமன்றம், அவர்கள் இல்லத்திற்கு ஆற்றிய பணிக்கு மாதம் ரூ. 3,000 என்று மதிப்பிட்டது. பெண்ணின் வேலைக்கு விலை கண்டனர்; ஆனால் அவள் இறந்த பிறகு. உயிரோடிருந்த பெண்ணுக்கு அக்கணக்கைப் போட்டவர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் இராமசாமி. 2023 ஜூன் மாதத்தில் அவர் அளித்த தீர்ப்பு அது. கணவர் கடல் கடந்து சென்று பொருளீட்டினார். மனைவி இங்கிருந்து பிள்ளைகளை வளர்த்தார். வாங்கிய சொத்து யாருக்கு என்பது வழக்கு. மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் கணவரால் வெளியே சென்று ஈட்ட முடிந்தது. ஆதலின் அச்சொத்தில் அவருக்குச் சமபங்கு உண்டு என்றார் நீதிபதி. ஊரை விட்டு வந்து பிழைக்கும் நம்மைப் போன்றோர் ஒவ்வொருவர் வீட்டிலும் அத்தீர்ப்பைப் படித்துக் காட்டலாம்.

'தாயன்புக்கு விலை பேசுவதா?' என்று சில பெரியோர் மனம் நோவது எனக்குத் தெரிகின்றது. அன்புக்கு விலை இல்லை. அதனை யாரும் கேட்கவும் இல்லை. துவைத்த துணிக்கும், விழித்த இரவுக்கும், விட்டுவிட்ட வேலைக்கும் கணக்கு உண்டு. மருத்துவர் நோயாளியிடம் அன்பு காட்டுகின்றார் என்பதனால் அவருக்கு ஊதியம் வேண்டாம் என்று நாம் சொல்வதில்லையே!

பேச்சோடு நிற்க வேண்டாம் என்று எண்ணி, சங்கத்தின்முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றேன். இந்நகரில் இதற்கு முன்மாதிரியும் உண்டு. 1969-இல், காந்தியடிகளின் நூற்றாண்டு விழாவுக்காக இராஜ்காட்டு அருகே கட்டட வேலை நடந்தபோது, வேலை செய்யும் பெண்களின் குழந்தைகள் மண்ணிலும் வெயிலிலும் கிடப்பதைக் கண்ட மீரா மகாதேவன் அம்மையார் அங்கேயே ஒரு கூடாரத்தில் காப்பகம் தொடங்கினார். 'மொபைல் கிரெஷஸ்' என்னும் நிறுவனம் அவ்வாறே பிறந்தது. நமக்குக் கூடாரம் தேவையில்லை. நம் சங்கக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஓர் அறை வார நாட்களில் பூட்டியே கிடக்கின்றது. நாற்காலிகளும், பழைய விழாத் தோரணங்களும் அதில் உள்ளன. அவற்றை மாடிக்கு ஏற்றிவிட்டு, அவ்வறையைச் சுற்று வட்டாரத்து வீட்டுப் பணியாளரின் குழந்தைகளுக்குக் காப்பகமாக்கலாம். நண்பகலோடு மூடும் காப்பகத்தால் பயனில்லை. காலை ஏழு முதல் மாலை ஆறு வரையில் திறந்திருக்க வேண்டும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அமர்த்தும் பெண்கள் இருவருக்கும் அரசு குறித்த குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையாமல் தர வேண்டும். மதிப்பூதியம் என்ற சொல் நம் கணக்குப் புத்தகத்தில் வேண்டாம். நரேலாவுக்குச் சென்றுவிட்ட குடும்பங்களுக்கு இவ்வறை உதவாது. அதனை நான் அறிவேன். அருகிலிருப்போர்க்கேனும் உதவும்.

இரண்டாவது, உறுப்பினர் வீடுகளைப் பற்றியது. ஒரு பெண் நான்கு அல்லது ஐந்து வீடுகளில் வேலை செய்கின்றாள். அவளுக்குப் பேறு காலம் வந்தால், அவ்வைந்து வீட்டாரும் தாம் தரும் மாத ஊதியத்தை மூன்று மாதத்துக்கு நிறுத்தாமல் தருவதென்று உடன்பட்டால், எந்த ஒரு வீட்டுக்கும் பெருஞ்சுமை இல்லை. அவளுக்கோ முழு ஊதியம். வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் அவ்வாறே. இதற்குச் சட்டம் வரும் வரையில் காத்திருக்க வேண்டியதில்லை. இவ்விரண்டையும் அடுத்த பொதுக்குழுவில் தீர்மானமாகக் கொண்டு வரத் தலைவர் அவர்கள் இசைந்துள்ளார்கள்.

காப்பகத்தில் மாலை நான்கு முதல் ஆறு வரையில் முறைவைத்து வந்து குழந்தைகளோடு இருக்கத் தொண்டர்கள் வேண்டும். ஓய்வு பெற்ற அதிகாரிகள் பலர் இங்கு இருக்கின்றீர்கள். மாலையில் பூங்காவில் அமர்ந்து அரசியல் பேசும் நேரம் அது. வாயிலருகே மேசைமேல் ஒரு பதிவேடு வைத்திருக்கின்றேன். அதில் ஆடவர் பெயர்களை மட்டும் எழுதுமாறு வேண்டுகின்றேன். பெண்கள் இன்று எழுத வேண்டாம். குழந்தைக்குச் சோறு ஊட்டத் தெரியாது என்போர்க்கு முதல் வாரத்தில் கற்றுக் கொடுக்க ஏற்பாடு செய்திருக்கின்றோம்.